மூடி இறுக்கிய பாட்டில்

என் அக்காவுக்கு நகராட்சியில் வேலை. நாற்காலியில் உட்காரும் வேலை இல்லை. தெருத் தெருவாகப் போய், வீட்டு வாசலில் நிற்கும் நீலத் தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். பாட்டில், அட்டை, டப்பா என்று மறுசுழற்சிக்குப் போகிற சாமான் மட்டும் இருந்தால் பச்சை ஸ்டிக்கர். சாப்பாட்டு மிச்சமும் டயப்பரும் கிடந்தால் சிவப்பு. சாயங்காலம் தெருமுனையில் ஆட்களைக் கூட்டிவைத்து வகுப்பு வேறு. நாங்கள் சேர்ந்திருக்கும் வீட்டிலும் அதே வகுப்புதான். தீர்ந்துபோன பற்பசை ட்யூப் எந்தத் தொட்டிக்கு என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் தொலைந்தோம். அதனால் வீட்டில் அவளுக்கு மைக் என்று பெயர்.

எனக்கு வேலை அதே குப்பையின் மறுமுனையில். லாரிகள் கொண்டுவந்து கொட்டுவதை பெல்ட்டில் ஓடவிடுவார்கள். இரண்டு பக்கமும் வரிசையாக நின்று நாங்கள் கையால் பிரிப்போம். பிரசவ விடுப்பு முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தேன். மகனுக்கு ஐந்து மாதம். என் கணவருக்கு இரவு ஷிஃப்ட் என்பதால் பகலில் அவர் பார்த்துக்கொள்வார். நான் வீட்டுக்குள் கால் வைத்ததும் பிள்ளை என் மேல் பாய்வான்.

அன்று காலை பெல்ட்டில் ஒரு பாட்டில் வந்தது. சலவைத் திரவம் வருமே, அந்த மாதிரிக் கெட்டிப் பாட்டில். நல்ல சரக்கு என்று கையை நீட்டினேன். கையுறையைத் தாண்டி சுருக்கென்று ஏறியது. லாரியில் அழுத்தியதில் பாட்டில் பிளந்திருந்தது. உள்ளே முழுக்க ஊசி. யாரோ தன் உடம்பில் குத்திக்கொண்ட ஊசிகள்.

பெல்ட்டை நிறுத்தினார்கள். கையைக் கழுவி மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா நிதானமாகத்தான் பேசினார்.

"பயப்படாதீங்கம்மா. எச்.ஐ.வி. மாதிரி ஏதாவது தொத்தறதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி. ஆனாலும் ஒரு மாசம் மாத்திரை சாப்பிடணும். அதுவரைக்கும் குழந்தைக்குப் பால் குடுக்க வேண்டாம்."

"ஒரு மாசமா? பால் வத்திடுமே டாக்டர்!"

"யாரோட ஊசின்னு தெரிஞ்சா அவங்க ரத்தத்தைப் பார்த்துடலாம். அதுல ஒண்ணும் இல்லேன்னா மாத்திரையை நிறுத்திடலாம்."

போட்டவன் கை விளங்காமல் போக என்று சபித்தேன். மனசுக்குள் இல்லை, வாய்விட்டே. பக்கத்தில் இருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டுமே.

அன்று சாயங்காலம் என் கணவர் பவுடர் பாலைக் கலக்கிக் கொடுத்தார். பிள்ளை நாக்கால் தள்ளித் தள்ளித் துப்பினான். என் குரல் கேட்டுவிடக் கூடாது என்று நான் குளியலறையில் போய் நின்றேன். அவன் அழ அழ இங்கே என் ரவிக்கை நனைந்தது. பாலைப் பீய்ச்சி சாக்கடையில் விட்டேன். பெற்றவளுக்கு இதைவிடக் கேவலமான வேலை உண்டா?

லாரி வந்தது அக்கா பார்க்கும் தெருக்களில் இருந்து என்று பெல்ட் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். மறுநாள் அக்கா லீவு போட்டாள். என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"சிவப்பு வாங்கின வீடுங்க எல்லாம் எனக்கு அத்துப்படி. அதுல ஒருத்தர்தான். வேற யாரும் இப்படிப் பண்ண மாட்டாங்க," என்றாள்.

சிவப்பு வீடுகளின் வாசலில் எங்களுக்குக் கிடைத்த வரவேற்பைச் சொல்லி மாளாது. ஒருவர், "ஊசியா? நான் சட்டைக்கு பட்டனே தைச்சதில்ல," என்றார். ஒரு அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "ஸ்டிக்கர் ஒட்டினது பத்தலையா? இப்ப போலீஸ் வேலையும் ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றும் திட்டினார். அலைந்து அலைந்து கால் ஓய்ந்ததுதான் மிச்சம்.

ஒரு பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். சூப்பர்வைசர் போனில் அனுப்பியிருந்த அந்தப் பாட்டிலின் படத்தை அப்போதுதான் பொறுமையாகப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

"அக்கா, இதுல லேபிள் இல்ல பாரு. உரிச்சிருக்காங்க. பாட்டிலைக் கழுவியும் இருக்காங்க போல."

அக்கா போனைப் பிடுங்கினாள். லேபிளை உரித்துவிட்டுப் போடுங்கள் என்பது அவளுடைய பாடம். தொண்டை வறளக் கத்தியும் நாலைந்து வீடுதான் அதைக் கேட்டது. அத்தனையும் பச்சை வீடுகள். அதில் சர்க்கரை நோய்க்காரர் ஒருவர்தான்.

"பிரேக் மாஸ்டர்," என்றாள்.

பிரேக் மாஸ்டர் ஓய்வுபெற்ற டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு "பிரேக், பிரேக்" என்று அவர் கத்திய கத்தலில் வந்த பெயர் அது. அக்காவும் அவரிடம் கற்றவள்தான். இப்போது அவர் அக்காவின் தெருமுனை வகுப்பில் ஒருநாள் தவறாமல் முன்னால் வந்து உட்காருகிறவர்.

கதவைத் திறந்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். "வாங்க வாங்க டீச்சரம்மா! யாரு, தங்கச்சியா?"

அக்கா என்னை முன்னால் தள்ளினாள். நான்தான் கேட்டேன். "சார், இன்சுலின் ஊசி போட்டுக்கறீங்களா?"

"ஆமாம்மா, ரொம்ப வருஷமா. ஊசியை என்ன பண்றீங்கன்னுதானே கேக்க வந்தீங்க? கவலையே படாதீங்க." உள்ளே போய் ஒரு கெட்டிப் பாட்டிலைக் கொண்டுவந்தார். பாதிவரை ஊசிகள். "டீச்சரம்மா சொன்னபடிதான். ஊசியைச் சும்மா வீசக் கூடாது, கெட்டிப் பாட்டில்ல போட்டு மூடியை இறுக்கணும். பாட்டில்னா லேபிளை உரிச்சு நீலத் தொட்டியில போடணும். ரெண்டும் கரெக்டா பண்ணிடறேன். பச்சை ஸ்டிக்கர் ஒண்ணுகூடத் தவறினதில்ல."

இரண்டுமே அக்கா சொன்னதுதான். இன்சுலின் போடுகிறவர்களுக்காக ஒருநாள், பாட்டில்களைப் பற்றி இன்னொரு நாள். தொட்டியில் மேலாகக் கிடக்கும் கழுவிய பாட்டில்களையும் மடித்த அட்டையையும் பார்த்து அவளும் மனம் குளிர்ந்து பச்சை ஒட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

அவரைக் கிழி கிழி என்று கிழிக்கத்தான் நான் வந்திருந்தேன். அதற்குப் பதில், கட்டுப் போட்ட விரலைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். பிள்ளையைப் பற்றியும் சொன்னேன்.

மாஸ்டர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து சட்டையை மாட்டினார்.

"வாங்க. எவ்வளவு ரத்தம் வேணும்னாலும் எடுத்துக்கச் சொல்லுங்க."

கார்ச் சாவியை அக்காவிடம் கொடுத்தார். போகும் வழியெல்லாம் அவள் கன்னாபின்னா என்றுதான் ஓட்டினாள். பக்கத்தில் இருந்த மனிதர் வாயே திறக்கவில்லை.

மறுநாள் முடிவு வந்தது. அவர் ரத்தத்தில் ஒரு தொற்றும் இல்லை. மாத்திரையை நிறுத்திய பிறகும் மருந்து உடம்பை விட்டுப் போக வேண்டுமாம்; டாக்டரம்மா சொன்ன நாள் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அன்று பிள்ளையை மடியில் போட்டதும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பால் பாட்டில் ரப்பர் பழகிவிட்டிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. கெஞ்சி, கொஞ்சி, எழுந்து நடந்து, மறுபடி உட்கார்ந்து, ஒருவழியாக வாய் வைத்தான். நான் அழுததைப் பார்த்து என் கணவரும் மூக்கை உறிஞ்சினார்.

அத்தோடு முடிந்ததென்று நினைத்தேன். அக்கா அலுவலகத்தில் நடந்ததை எழுதிக் கொடுத்தாள். அதிகாரி உடனே நடவடிக்கை எடுத்தார். "ஊசிகளை நீலத் தொட்டியில் போடக் கூடாது" என்று புது நோட்டீஸ் அடித்து, வீடு வீடாகப் போய்ச் சொல்லும்படி அவளை அனுப்பினார்.

"எங்கே போடச் சொல்றது சார்?" என்று கேட்டிருக்கிறாள்.

"அது நம்ம பிரிவு இல்லையேம்மா."

சுகாதாரப் பிரிவில் கேட்டால் குப்பைப் பிரிவைக் கை காட்டினார்கள். மருந்துக் கடைக்காரர், விற்பதோடு தன் வேலை முடிந்தது என்றார். மருத்துவமனையில், இங்கே போட்ட ஊசியை மட்டும்தான் எடுப்போம் என்றார்கள். மாஸ்டர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறாராம். டீச்சரம்மா சொல்லாமல் இனி எதையும் எங்கேயும் போடுவதில்லையாம்.

ஒரு சனிக்கிழமை அக்கா கனமான ஒரு பையோடு வீடு திரும்பினாள். எட்டிப் பார்த்தேன். மாஸ்டருடையதும் இன்னும் சில வீடுகளுடையதுமாக, வாய்வரை ஊசி நிரம்பிய பாட்டில்கள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பச்சைப் பிள்ளை தவழப் போற வீட்டுக்குள்ள ஊசியா? உனக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா? நான் பட்டது போதாதா?"

அக்கா பையைக் கீழே வைக்கவில்லை. கை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"ஒரு வழி பொறக்கற வரைக்கும்தான்டி. நான் வாங்கிக்கலேன்னா இதெல்லாம் உன் பெல்ட்டுக்குத்தான் வரும்."

மகன் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனைக் கட்டிலில் விட்டுவிட்டு, வீட்டில் பூட்டு உள்ள ஒரே அலமாரியைத் திறந்தேன். மேல்தட்டில் இருந்த என் நல்ல புடவைகளை இறக்கிவிட்டு, பையை அவள் கையிலிருந்து வாங்கினேன்.