பச்சைப் பொத்தானும் இயக்குநர் விரலும்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், வானொலி நிலைய இயக்குநர் அவர்கள் காலை ஒலிபரப்பின் இடைவேளை முடிந்து, பத்து மணிக்குத் தம் திருக்கரத்தால் ஒரு பச்சைப் பொத்தானை அழுத்தி, ஒன்பது கிலோமீட்டருக்கு அப்பால் குன்றின் உச்சியில் ஆளில்லாமல் நிற்கும் டிரான்ஸ்மிட்டரை உயிர்ப்பிக்கத் திருவுளம் கொண்டார்.

அழுத்தவும் செய்தார். அதோடு விட்டாரா என்றால், இல்லை. அழுத்திக்கொண்டே இருந்தார்.

"சார், ஒரு தடவை போதும்," என்றார் மெக்கானிக்.

"ஒண்ணும் ஆகலையேய்யா?"

"ஆகும் சார். வால்வு சூடாகணும். மூணு நிமிஷம் கை வைக்காம இருங்க."

விஷயம் இவ்வளவுதான். பொத்தானை அழுத்தினால் டெலிபோன் கம்பி வழியாக மேலே ரிலே என்கிற தானியங்கி ஸ்விட்ச் ஒன்று 'டக்'கென்று ஒட்டும், டிரான்ஸ்மிட்டரின் கண்ணாடிக் குழல்களான வால்வுகள் சூடேறும். டைமர் மூன்று நிமிடம் எண்ணி முடித்ததும் இரண்டாவது ரிலே ஒட்டும். முழு மின்சாரமும் பாயும். மேஜைமேல் இருக்கும் ரேடியோ பேசும். நடுவில் மறுபடி அழுத்தினால் டைமர் முதலிலிருந்து எண்ணும். சூடாகாத வால்வு கருகிவிடக் கூடாதே என்று மெக்கானிக்கே ராப்பகலாக யோசித்து வைத்த பாதுகாப்பு அது. எல்லாவற்றையும் யோசித்த மனுஷன் இயக்குநரின் விரலை யோசிக்கவில்லை.

பதினொரு வருடமாக விடிகாலை ஐந்து மணிக்கு குன்றின் நானூற்றுப் பன்னிரண்டு படி ஏறி, டிரான்ஸ்மிட்டர் ஸ்விட்சைப் போட்டுவிட்டு இறங்குவது மெக்கானிக்கின் பிழைப்பு. முழங்கால்கள் இரண்டும் தனித்தனியாக ராஜினாமா கொடுத்துவிட்டன. இன்று இயக்குநர் இந்தப் பொத்தான் பெட்டிக்குத் தலையாட்டினால், படிகளை ஒரேயடியாகத் தலைமுழுகிவிடலாம்.

இரண்டரை நிமிடம் ஆனது. மெக்கானிக் கடிகாரத்தையே பார்த்தார்.

டக். மறுபடி பொத்தான்மேல் இயக்குநர் விரல்.

"சார்!"

"லேசாத்தான்யா தொட்டேன். சரியா உக்காந்திருக்கான்னு பாத்தேன்."

"அண்ணே, லிஃப்ட் பொத்தானையும் இப்படித்தான் குத்துவாரு," என்று மெக்கானிக்கின் காதில் போட்டாள் பக்கத்து மேஜை டைப்பிஸ்ட். "லிஃப்டே பயந்துபோய் மாடி மாறி நிக்கும்."

ஐந்தாவது முறையும் கணக்கு கெட்டபோது மெக்கானிக்குக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. டைப்பிஸ்ட்டுக்கே பொறுக்கவில்லை. ஒரு கட்டுக் காகிதத்தை இயக்குநர் முன்னால் வைத்தாள்.

"சார், பதினெட்டு கடிதம். அவசரம்."

இயக்குநரின் விரலுக்கு வேறு வேலை கிடைத்தது. பதினாறாவது கையெழுத்தில் ரேடியோ கரகரத்து, தெளிவாகப் பேசத் தொடங்கியது. மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது.

இயக்குநர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "யாரு போட்டது?"

"நீங்கதான் சார்."

"நான் கையெழுத்துல்ல போட்டுட்டிருந்தேன்?"

"முன்னாடியே அழுத்தினீங்களே சார், அதுதான் இப்ப..."

"அப்ப நான் அழுத்துனா வேலை செய்யாது, சும்மா இருந்தா வேலை செய்யும். அப்படித்தானே? இத எப்படிய்யா நம்புறது?"

மெக்கானிக் ஒரு காகிதத்தை இழுத்து, டைமரைப் படம் போட்டு விளக்கத் தொடங்கினார்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு, வச்சுக்கலாம்," என்று பெருந்தன்மையோடு சொன்னார் இயக்குநர். "ஆனா நான் இங்க அழுத்தும்போது மேல ஆன் ஆச்சா இல்லையான்னு போன்ல சொல்ல ஒரு ஆள் வேணும்."

"ரேடியோ பேசுதே சார்!"

"ரேடியோ என்ன வேணா பேசும். நீ சொன்னாதான் எனக்கு நம்பிக்கை."

மறுநாள் காலை ஐந்து மணிக்குப் போனில் சொல்ல மெக்கானிக் படியேறிப் போனார்; கீழே பொத்தானை அழுத்த வேண்டிய இயக்குநர் தூங்கிக்கொண்டிருந்ததால், ஸ்விட்சைக் கையாலேயே போட்டார்.