உறங்கிய பாதத்தின் அளவு

வீட்டில் அவனுக்கு அளவுகோல் என்று பெயர். சைக்கிள் பட்டறையில் குழாய்களை வெட்டிப் பற்றவைத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் ஒரு முழுச் சைக்கிள் சட்டத்தை முதன்முதலாகத் தானே வரைந்து செய்தது அண்ணிக்காகத்தான்.

அண்ணிக்குத் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலை. குள்ளமான உடம்பு. அலுவலகம் கொடுத்த உயரமான சைக்கிளில் சந்து சந்தாகத் திரும்பி, ஒரு நாளைக்கு நூற்றறுபது வாசல். இரண்டு முறை விழுந்தாகிவிட்டது. மூன்றாம் முறை விழுந்தால் தெருவேலை கிடையாது, அடித்தளத்து அறையில் கோப்பு அடுக்க வேண்டியதுதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை.

பட்டறைத் தரையில் அவன் சட்டத்தைச் சுண்ணக்கட்டியால் உண்மை அளவில் வரைந்தான். ஓட்டப்போகிறவர் அதன்மேல் ஒருக்களித்துப் படுத்துப் பார்க்க வேண்டும். அன்று மத்தியானம் அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்து, கைகளைக் கோடாக வரைந்திருந்த ஹேண்டிலில் வைத்தாள். கூரைக் கண்ணாடி வழியே வெயில் அவள்மேல் நகர்ந்தது. பூமியே சுவராக நிமிர்ந்துவிட்ட ஏதோ ஒரு நாட்டில் அவள் ஓட்டிப் போவது போலிருந்தது. சற்று நேரத்தில் தூங்கிவிட்டாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டான்.

இரண்டு வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம், சீருடையோடும் வேலைக்குப் போடும் ஷூவோடும் அண்ணி வந்து, அவன் செய்து முடித்த சைக்கிளில் ஏறிப் பார்த்தாள். முற்றத்தின் நீளத்தைச் சத்தமே இல்லாமல் கடந்தாள். கடைசியில் மெதுவாக வலப்பக்கம் திரும்பியபோது, முன்னால் நீண்டிருந்த இடதுகால் ஷூவின் நுனி சக்கரத்தில் இடித்தது. ஹேண்டில் வெட்டியது. நல்லவேளை, சுவர் தாங்கிக்கொண்டது.

"என்ன தம்பி, சக்கரம் காலைக் கடிக்குது?"

"வேகமாப் போறவங்களுக்கு இது படாது அண்ணி. மெதுவாத் திரும்பினாதான்..."

"மெதுவாத் திரும்பத்தானே எனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க!"

அவன் உள்ளே ஓடி, தரைக் கோட்டின் முன் குந்தினான். வரைந்திருந்த பாதத்தின் விரல்கள் பூப்போலத் தொங்கிக் கீழே பார்த்தன. அவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"அண்ணி, அன்னைக்கு நீங்க தூங்கிட்டீங்க. எழுப்ப மனசு வரல."

"அதுக்கு?"

"தூங்குற கால் கீழ தொங்கும். முன்னால அவ்வளவு நீளாது. அதை வெச்சே சக்கரத்துக்கு இடம் விட்டுட்டேன். ஷூவையும் சேர்க்கல."

அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்போ இது நான் தூக்கத்துல ஓட்டுற சைக்கிள். முழிச்சிருக்கிறவளுக்கு ஒண்ணு செஞ்சு குடு."

"சின்னச் சக்கரம் போட்டா சுலபமா முடியும்."

"வேணாம்பா. படிக்கட்டுச் சந்துல குதிச்சுக் குதிச்சு என் பல்லு கொட்டிடும்."

"அப்போ சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கை இன்னும் முன்னால வளைக்கணும். ஹேண்டில் கொஞ்சம் அலையும்."

"உங்க அண்ணனைவிடவா?"

மறுபடி ஷூவோடு படுத்தாள். தூக்கம் வராமலிருக்கப் பேச்சுக் கொடுத்தான். அவள் தன் சந்துகளைச் சொல்லிக்கொண்டே போனாள். மீட்டரைத் திறக்க விடாமல் மாடியிலிருந்து தானே எண்ணை வாசிக்கிற ஒருவர், அதுவும் தப்பாக. கேட்டைத் திறந்ததும் பூனையை வெளியே விட்டுவிட்டு இவளைப் பிடிக்கச் சொல்கிற ஒரு பெண். ஜன்னலில்லாத அறைக்கு இவர்கள் யாரும் வரமாட்டார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. விறைத்து நின்ற பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டான். பழைய பாதத்தைவிட இரண்டு விரற்கடை முன்னால் வந்தது.

சனியும் ஞாயிறும் பட்டறை மூடியிருந்தது. அவன் மட்டும் உள்ளேயிருந்து புது ஃபோர்க்கைச் செய்தான்.

திங்கள் காலை முன்சக்கரத்தில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துவிட்டுச் சைக்கிளைக் கொடுத்தான். அண்ணி முற்றத்தில் எட்டுப் போட்டாள். முதல் திருப்பத்தில் ஹேண்டில் கொஞ்சம் அலைந்தது, பிறகு அவள் கைக்குப் பழகிவிட்டது. இன்னும் மெதுவாக, ஏறக்குறைய நின்றுகொண்டே திரும்பினாள். ஷூவுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் நுழைந்து போயிற்று. அவன் மண்டியிட்டு இரண்டு ஷூவின் நுனியையும் பார்த்தான். கருப்பில் வெள்ளை ஒரு பொட்டுகூட இல்லை.

"பாஸா?"

"பாஸ். ஆனா உங்க பேன்ட்டுல..."

இடது தொடையிலிருந்து முழங்கால் வரை, வெள்ளிக்கிழமை படுத்த கோடு அப்படியே ஒட்டியிருந்தது.

"உங்க அண்ணன் துவைச்ச லட்சணம்!" என்று சொல்லிவிட்டு, தட்டிவிடக்கூட இறங்காமல் அண்ணி வாசலைத் தாண்டினாள். தெருமுனையில் மெதுவாகத் திரும்பினாள். அந்த வெள்ளைக் கோடு ஏறி இறங்கி, ஏறி இறங்கி, முதல் சந்துக்குள் போனது.