சக்கரமில்லாத தொட்டில்

எட்டு மாத வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு இஸ்மேனியா கடைத் தரையில் மண்டியிட்டாள். மறு கையை ஊன்றி, தொட்டிலுக்கு அடியில் தலையை விட்டாள். கடைப்பெண்ணுக்குப் பாவம், பாதி உயிர் போய்விட்டது. பிரசவம் இங்கேயே ஆகிவிடுமோ என்று ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

“என்னக்கா தேடுறீங்க? சொன்னா நான் பார்த்துச் சொல்ல மாட்டேனா?”

“சக்கரம் இருக்கா?”

“நாலு காலுக்கும் இருக்குக்கா. பூட்டுகூட இருக்கு, பாருங்க.”

“அப்ப வேண்டாம்.”

அது ஆறாவது கடை. அவள் தேடியது பெரிய கட்டிலோடு ஒட்டி நிற்கிற தொட்டில். ஒரு பக்கத் தடுப்பு இறங்கிவிடும். அம்மா படுத்தபடியே கையை நீட்டிப் பிள்ளையைத் தொடலாம், பால் கொடுக்கலாம். இப்போது எங்கள் துறைமுக ஊரான வால்பரையிசோவில் பிள்ளை பெறுகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள். ஆனால் கடைக்காரர்கள் எல்லாருமாகக் கூடிப் பேசி வைத்தது போல, எல்லாத் தொட்டிலுக்கும் சக்கரம் வைத்திருந்தார்கள்.

புருஷன் நொல்பெர்த்தோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். கப்பலிலிருந்து பெட்டிகளை முட்டை மாதிரி இறக்குகிறவனுக்குப் பெண்டாட்டியின் பயத்தை மட்டும் இறக்கி வைக்கத் தெரியவில்லை. அதனால் கேலி பேசினான். “இவ தொட்டில் வாங்க வரல. லாரி வாங்க வந்திருக்கா. அதான் டயரையே பார்த்துட்டிருக்கா” என்று கடைப்பெண்ணிடம் சொன்னான். கடைப்பெண் சிரித்தாள். இஸ்மேனியா சிரிக்கவில்லை.

அவள் பயம் அவனுக்குப் பாதிதான் தெரியும். மறுபாதி இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது என்றே அவள் நினைத்திருந்தாள்.

எண்பத்தைந்தாம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு ஞாயிறு மாலை, எங்கள் ஊரையே உலுக்கிப் போட்ட அந்த நிலநடுக்கம் வந்தபோது அவளுக்கு ஆறு வயது. தம்பி தித்தோவுக்கு மூன்று மாதம். அவன் படுத்திருந்தது சக்கரம் வைத்த பழைய இரும்புத் தொட்டில். மலைச்சரிவில் கட்டின வீட்டில் எந்தத் தரைதான் மட்டமாக இருக்கும்? தொட்டில் நகராமல் இருக்க, சக்கரத்துக்கு அடியில் இரண்டு மரக்கட்டைகளை அப்பா சொருகி வைத்திருப்பார். அன்று மத்தியானம் இஸ்மேனியா அந்தக் கட்டைகளை உருவிவிட்டு, தம்பியைப் பயணியாக வைத்து அறைக்குள் பஸ் ஓட்டினாள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டதும் கட்டைகளைத் தன் பொம்மைக் கூடைக்குள் போட்டுவிட்டு ஓடிப்போனாள். அவ்வளவுதான். ஆறு வயசுப் பிள்ளைக்கு அது மறந்துபோகிற விஷயம்.

மாலையில் பூமி குலுங்கியது. தொட்டில் உருண்டுபோய்க் கதவை உள்பக்கமிருந்து அடைத்துக்கொண்டது. குலுக்கல் நின்றதும் உள்ளே தித்தோ வீறிட்டு அழுவது கேட்டது. அப்பா ரொசாமெல் தோளால் கதவை மோதினார். ஒன்று, இரண்டு, மூன்று. கதவு திறந்தபோது அழுகை இல்லை. கூரைச் சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்ததில் பிள்ளை போய்விட்டான் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அறைக்கு வெளியே நடைகூடத்தில் நின்ற இஸ்மேனியாவுக்கு ஒன்றே ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது: கட்டையை எடுத்தது நான். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அதை அவள் வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. அம்மா அது தெரியாமலே செத்துப்போனாள்.

தொட்டில் எது வாங்கலாம் என்று அப்பாவிடமும் போனில் கேட்டுப் பார்த்தாள். இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் தனியாக இருக்கிற மனுஷன், ஆயுசு முழுக்கத் தச்சு வேலை செய்தவர். எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா என்று போனை வைத்துவிட்டார். இவளுக்கு நெஞ்சில் முள் தைத்தது. அவருக்குக் கட்டை விஷயம் தெரிந்திருக்கிறது, அதனால்தான் பேசவில்லை என்று ஒரு நிமிஷம் தோன்றும். சீ, எப்படித் தெரியும் என்று அடுத்த நிமிஷம் தோன்றும். எங்கள் பக்கம் பூமி கொஞ்சம் அசைந்தால் போதும், சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் போன் செய்வார்கள். அப்பாவும் செய்வார். நலமா என்றுகூடக் கேட்க மாட்டார். “கதவு திறந்துச்சா?” என்பார். திறந்துச்சுப்பா என்றால் வைத்துவிடுவார். நிலம் ஆடினால் முதல் வேலை கதவைத் திறந்துவிடுவது என்று ஊருக்கே பழக்கம், அதனால் மற்றவர்களுக்கு அந்தக் கேள்வி வித்தியாசமாகப் படவில்லை. இவளுக்கு மட்டும் அது விரலை நீட்டிக் காட்டுவது போல இருக்கும்.

எட்டாவது கடையில் கிடைத்தது. சக்கரமில்லை, நான்கு தடித்த கால்கள், சுற்றிலும் வலைத்துணி, பெரிய கட்டிலின் மெத்தையோடு சேர்த்து இறுக்க இரண்டு பட்டை வார்கள். இஸ்மேனியா அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள், உலுக்கினாள், இடுப்பால் இடித்துக்கூடப் பார்த்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அந்தப் பேய்க்கு ஓர் ஓட்டைகூட விடக்கூடாது என்று அவள் பார்த்தாள்.

வீட்டில் பொருத்தும்போது ஒரு சங்கடம் வந்தது. கட்டிலுக்கு அடியில் கெட்டியான கம்பளி விரிப்பு கிடந்ததால் கட்டில் இரண்டு விரற்கடை உயர்ந்து நின்றது. தொட்டிலுக்கும் மெத்தைக்கும் நடுவில் படி விழுந்தது. அந்தப் படியில் பிள்ளையின் மூக்கு அமுங்கிவிட்டால்? விரிப்பை எடு என்றாள். கட்டில் அசையாமல் கிடக்கட்டும் என்று கல்யாணத்தன்று போட்ட விரிப்பு அது. ஒன்பது வருஷத்தில் இரண்டு பேருக்குமே அது ஞாபகத்தில் இல்லை. நொல்பெர்த்தோ குனிந்துகூடப் பார்க்காமல் அதை உருவி எடுத்தான். பிள்ளை வருகிற வீடு பளபளக்கட்டும் என்று தரைக்கு மெழுகும் போட்டுத் தேய்த்தான். தொட்டில் இம்மி பிசகாமல் மெத்தையோடு ஒட்டிக்கொண்டது. அவள் பத்து முறை வாரை இழுத்துப் பார்த்துவிட்டு, அந்த மாதத்தில் முதல் முறையாக நிம்மதியாகத் தூங்கினாள்.

ரயேன் பிறந்தாள். கறுகறுவென்று முடி, அப்பனின் காது. தாத்தா ரொசாமெல் ஆஸ்பத்திரிக்கு வந்து வாசலில் நின்றபடியே பேத்தியைப் பார்த்துவிட்டுப் போனார். தூக்கச் சொன்னதற்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வீட்டுக்கு வரவேயில்லை.

பத்தொன்பதாம் நாள் மாலை நொல்பெர்த்தோவின் தங்கை மரித்சா வந்திருந்தாள். பிள்ளை பால் குடித்துவிட்டுத் தொட்டிலில் தூங்கியது. அறைக்கதவு பாதி திறந்திருந்தது. அதை முழுக்கச் சாத்த இஸ்மேனியா யாரையும் விடுவதில்லை. மூன்று பேரும் சமையலறையில் உட்கார்ந்து ரொட்டியில் அவகாடோவை மசித்துத் தடவித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கோப்பைகள் கிணுகிணுத்தன. விளக்கு ஆடியது.

இங்கேதான் எங்கள் ஊர்க்காரர்களின் திமிரைச் சொல்ல வேண்டும். நிலம் ஆடினால் எழுந்து ஓடுகிறவன் வெளியூர்க்காரன். நாங்கள் உட்கார்ந்த இடத்திலேயே நடுக்கத்தின் அளவு எத்தனை என்று பந்தயம் கட்டுவோம். தோற்றவன் அடுத்த நாள் ரொட்டி வாங்க வேண்டும். நொல்பெர்த்தோ வாயில் ரொட்டியோடு அஞ்சு புள்ளி ரெண்டு என்றான். மரித்சா அஞ்சு கூட இருக்காது என்றாள். இஸ்மேனியா எழுந்துவிட்டாள்.

“உக்காருங்க அண்ணி. பிள்ளையே தூங்குது, நீங்க எதுக்கு ஆடுறீங்க?”

வெட்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது பயத்தைவிடப் பொல்லாதது. மாதக்கணக்காகக் கேலி கேட்ட காது அது. அவள் உட்கார்ந்தாள். பத்து எண்ணுகிற நேரம்தான். அடுத்த குலுக்கல் அடியிலிருந்து தூக்கி அடித்தது. அலமாரித் தட்டுகள் கொட்டின. யாரும் அளவு சொல்லவில்லை. உள்ளே ஏதோ கனமானது தரையைத் தேய்த்துக்கொண்டு போகிற சத்தம், பிறகு டமால் என்று ஒன்று.

இஸ்மேனியா ஓடினாள். பாதி திறந்திருந்த கதவு இப்போது ஒரு கை நுழைகிற இடைவெளிதான் விட்டிருந்தது. தள்ளினாள், நகரவில்லை. இடைவெளியில் கண்ணை வைத்துப் பார்த்தாள். கட்டில் இருந்த இடத்தில் இல்லை. குறுக்காகத் திரும்பி, கால்மாட்டை அலமாரியில் முட்டிக்கொண்டு கிடந்தது. அதோடு இறுக்கிக் கட்டின தொட்டில் கதவில் வந்து ஒட்டியிருந்தது. மெத்தையிலிருந்து தொங்கும் போர்வை விலகின இடத்தில், கட்டிலின் காலுக்கு அடியில், கறுப்பாக ஒரு சக்கரம் தெரிந்தது.

விளக்கடியில் இருட்டு. எட்டுக் கடைத் தொட்டிலையும் கவிழ்த்துப் பார்த்தவள், ஒன்பது வருஷமாகத் தான் படுக்கிற கட்டிலுக்கு அடியில் ஒரு தடவை குனிந்து பார்க்கவில்லை.

உள்ளே சத்தமே இல்லை. கடவுளே, அழு, அழுதுவிடு என்று வேண்டினாள். இரண்டு மூச்சு நேரம் கழித்து ரயேன் வீறிட்டாள்.

“நகரு” என்று நொல்பெர்த்தோ அவளை விலக்கிவிட்டுத் தோளைக் கதவுக்குக் கொடுத்தான். துறைமுகத்தில் முறுக்கேறிய உடம்பு. ஒரு மோதல். கதவு ஒரு விரற்கடை நகர்ந்தது. தொட்டிலின் கால் ஒன்று மடங்குகிற சத்தம் கேட்டது. அவன் இரண்டாவது முறை மோதுவதற்காகப் பின்வாங்கினான்.

அந்த நொடியில் இஸ்மேனியா ஆறு வயதில் நின்றாள். அதே மாதிரி ஒரு நடைகூடம், அதே மாதிரி ஒரு முதுகு. தொட்டில் உருண்ட பிறகும் தித்தோ அழுதுகொண்டுதான் இருந்தான். சுண்ணாம்பு விழுந்து முடிந்த பிறகும் அழுதான். அழுகை நின்றது மூன்றாவது மோதலில். இத்தனை வருஷமும் அந்தச் சத்தங்கள் வரிசை மாறாமல் அவள் காதில்தான் இருந்தன. கட்டையின் நினைப்பு வேறெதையும் அவளைக் கேட்க விட்டதில்லை.

“தள்ளாத!” புருஷனின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். “தள்ளினா தொட்டில் நசுங்கிடும். பிள்ளை நடுவுல இருக்கா. ஜன்னல் வழியா போ.”

அவன் ஜன்னல் இருக்கிற படிக்கட்டுச் சந்துப் பக்கம் ஓடினான். மரித்சா சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். இஸ்மேனியா தரையில் படுத்து இடைவெளிக்குள் கையை விட்டாள். மரச்சட்டம் தோலை உரித்தது. முழங்கை வரை போனதும் விரலில் வலைத்துணி தட்டியது. அதன் விளிம்பைக் கீழே இழுத்தாள். சூடாக ஒரு குதிகால் அகப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டாள். அப்போது பூமி மறுபடியும் ஆடியது. கட்டில் முனகியது, கதவு அவள் கையை நெரித்தது. கத்தினால் பிள்ளை பயந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். குதிகால் உதைத்துக்கொண்டே இருந்தது. உதைக்கட்டும், உதைக்கிற வரை உயிர் இருக்கிறது.

கண்ணாடி உடைந்தது. நொல்பெர்த்தோ உள்ளே குதித்துக் கட்டிலைப் பின்னால் இழுத்தான். கதவு தானாகத் திறந்துகொண்டது. ரயேனின் முகம் அழுது சிவந்திருந்தது. நெற்றியில் ஒரு கீறல்கூட இல்லை. இஸ்மேனியா அவளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு நடைகூடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நொல்பெர்த்தோ பக்கத்தில் உட்கார்ந்தான். கேலி எதுவும் வரவில்லை.

போன் அடித்தது. அப்பா.

“கதவு திறந்துச்சா?”

கையில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

“திறந்துச்சுப்பா. பிள்ளை நல்லா இருக்கா.” பிறகு, “அப்பா, அன்னைக்குத் தித்தோ தொட்டில்ல கட்டையை எடுத்தது நான்தான்” என்றாள்.



“தெரியும்மா. உன் பொம்மைக் கூடையில இருந்துச்சு. உங்கம்மா பார்க்கிறதுக்கு முன்னாடி அடுப்புல போட்டுட்டேன். கட்டையால ஒண்ணும் ஆகல. அவன் அழுதுட்டுத்தான் இருந்தான். நான் கதவைத் தள்ளுற வரைக்கும் அழுதுட்டுத்தான் இருந்தான்.”

இஸ்மேனியா கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கும் தெரியும் என்று சொல்லவில்லை. இத்தனை வருஷம் கதவு திறந்துச்சா என்கிற அந்தக் கேள்வியை அவர் தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார், அதைத் தாங்க மாட்டாமல்தான் இவளுக்குப் போன் செய்திருக்கிறார். பிள்ளை மார்பில் முட்டிப் பாலைத் தேடியது.

“அப்பா, எங்க கட்டிலுக்குச் சக்கரம் இருக்கு. இன்னைக்குத்தான் பார்த்தோம்” என்றாள். “நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு வாங்க. திருகாணியெல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்கு. உங்க கைக்குத்தான் கழலும்.”