ஓபலின் இடது முன்னங்கால்

செப்டம்பர் மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் காலை குதிரைத் தொட்டியில் மெல்லிய பனிக்கட்டி படிந்திருந்தது. விரலால் தட்டினேன். உடைந்து தண்ணீரில் மிதந்தது. அந்தக் கோடையை ஒருவழியாகக் கடந்துவிட்டோம் என்று அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

கிழக்கு ஓரிகனில், எங்கள் மேட்டுப் பாலையில், கோடையைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். அந்த வருடம் இன்னும் மோசம். தெற்கு மலையில் பிடித்த தீ ஆறு வாரம் எரிந்தது. எதிரே நிற்கும் மலை கண்ணில் படவே இல்லை. நடுமதியத்திலும் சூரியன் செங்கல் நிறத்தில் தொங்கியது. குதிரைகளின் கண்ணோரத்தில் ஈக்கள் அடையாக மொய்த்தன. கிணற்று மோட்டார் இரண்டு முறை படுத்துவிட்டது. பிறகு ஒரு நாள் காற்று வடக்கிலிருந்து வீசியது; புகை கலைந்தது. சேஜ் புதர்களுக்கு நடுவே மஞ்சள் பூக்கள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தன. குதிரைகள் காலையில் ஒரு காரணமும் இல்லாமல் வேலியோரம் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடின. ஐம்பத்தாறு வயதில், ஒரு வருடத்தில் எனக்கென்று நான் எதிர்பார்ப்பது இலையுதிர்காலத்தின் அந்த ஐந்து வாரத்தைத்தான்.

என் தம்பி லைலும் அதைத்தான் எதிர்பார்ப்பான். அவன் இருப்பது பாய்ஸி நகரத்தில். பண்ணை எங்கள் இருவர் பேரிலும் இருக்கிறது. வருடா வருடம் இலை நிறம் மாறும் சமயத்தில் மனைவி கொரினைக் கூட்டிக்கொண்டு பத்து நாள் வருவான். கன்று ஈனும் பிப்ரவரிச் சேற்றில் அவனைப் பார்த்ததில்லை. புல் அறுக்கும் ஜூலையில் பார்த்ததில்லை. ஆனால் அவன் வந்து இறங்கினால் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வருவார்கள், வருடம் முழுக்க எட்டிப் பார்க்காதவர்கள்கூட. அவனுடன் பேசினால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கும்தான்.

குதிரைகளுக்கும் அவனைப் பிடிக்கும். அதுதான் எனக்குப் பொறுக்காது. ஓபல் என்கிற என் சாம்பல் நிறப் பெட்டைக்குத் தீனி போடுவது நான், குளம்பு பார்ப்பது நான். அவன் வண்டிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டால் போதும், கொட்டகையிலிருந்து கனைக்கும். எனக்கு ஒரு நாளும் அப்படிக் கனைத்ததில்லை. பத்து வருடத்துக்கு முன் அதற்கு முதன்முதலாகச் சேணம் பூட்டிப் பழக்கியவன் அவன். அதனால் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் ஓபல் அவனுக்கு, ஹாங்க் என்கிற சாதுவான கிழட்டுக் குதிரை கொரினுக்கு. எனக்கு எது மிஞ்சுகிறதோ அது.

மே மாதம் மாடுகளை மேட்டுக்கு ஓட்டிப் போனபோது ஓபல் ஒரு வளைக்குழியில் காலை விட்டுவிட்டது. இடது முன்னங்காலின் பின்பக்கத் தசைநாண் வீங்கி வாழைத்தண்டு போல் ஆயிற்று. மிருக டாக்டர் ஹாலிஸ் ஸ்கேன் கருவி வைத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் கிழிந்திருக்கிறது, முழுக்க அறவில்லை, பொறுமை இருந்தால் தேறும் என்றார். இரண்டு மாதம் கொட்டகையைவிட்டு வெளியே விடக்கூடாது. காலையும் மாலையும் இருபது நிமிடம் குளிர்ந்த நீரைக் காலில் விட வேண்டும். பிறகு கயிற்றில் பிடித்து நடை; முதலில் பத்து நிமிடம், அப்புறம் பதினைந்து, அப்புறம் இருபது. அந்தப் புகையில் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு நான் அதை நடத்தினேன், ஒரு நாள் விடாமல். நடக்க நடக்க அதனுடன் பேசுவேன். வேறு யாரிடமும் பேசாததையெல்லாம் பேசினேன்.

செப்டம்பர் தொடக்கத்தில் ஹாலிஸ் மறுபடி பார்த்தார். வீக்கம் முழுக்க வடிந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் காலில் அடிபட்டது என்றே தெரியாது. சமதரையில், நடையில் மட்டும், அரை மணி நேரம் ஏறிப் போகலாம் என்றார். ஓட்டம் அடுத்த வசந்தத்தில்தான். முதல் பனி விழுந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை ஓபலில் ஏறி ஓடைவரை நடத்திப் போய்த் திரும்புவது என்று நான் வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சின்ன ஆசைதான்.

லைலும் கொரினும் அதே வாரம் வெள்ளிக்கிழமை வந்தார்கள். சாப்பாட்டு மேசையில் அவன் பேசிக்கொண்டே இருந்தான். ஊர்ச் சாலையில் நின்ற ஒரு வான்கோழிக் கூட்டம் வழி விட மறுத்ததை நடித்துக் காட்டினான். கொரின் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோடை எப்படிப் போனது என்று என்னை யாரும் கேட்கவில்லை. ஓபலைப் பற்றியும் கேட்கவில்லை. அடிபட்ட வாரமே அவனுக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். அது இரும்புக் குதிரை, ஒண்ணும் ஆகாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட விசாரிக்கவில்லை. அவன் கேட்கட்டும், அப்புறம் சொல்வோம் என்று நானும் இருந்தேன். பிரட்டைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டே, அவன் கேட்கிறானா பார்ப்போம் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

மறுநாள் காலை நான் சமையலறையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு நேரே குதிரைப் பட்டி. லைல் தோளில் கயிற்றைப் போட்டுக்கொண்டு அங்கே போவதைப் பார்த்தேன். பின்னால் புதுத் தொப்பியில் கொரின். ஹாங்குக்குச் சேணம் பூட்டினான். பிறகு ஓபலின் தலைக்கயிற்றைப் பிடித்து வெளியே கொண்டுவந்தான்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் இழுத்தேன். ஜன்னலுக்கும் பட்டிக்கும் நாற்பதடி இருக்கும். ஜன்னலைத் தூக்கி ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். நான் கொடுக்கவில்லை. வருவான், வந்து கேட்பான், கேட்காமல் எடுக்க மாட்டான் என்று முதலில் நினைத்தேன். அவன் விரிப்பைப் போட்டான். சேணத்தைத் தூக்கி வைத்தான். வாரை இழுத்துக் கட்டினான். ஒவ்வொன்றுக்கும் நேரம் இருந்தது. இந்த ஒரு தடவை இவன் செய்வது தப்பு என்று எல்லாருக்கும் தெரியட்டும் என்று எனக்குள் ஒரு எண்ணம் ஓடியது. ஓடியது என்று சொல்வது பொய். உட்கார்ந்திருந்தது.

ஏறுவதற்கு முன் அவன் ஒரு தடவை வீட்டுப் பக்கம் திரும்பினான். ஜன்னலில் என்னைப் பார்த்தான். கையைத் தூக்கினான். சும்மா அசைத்தானா, எடுத்துக்கட்டுமா என்று கேட்டானா, எனக்குத் தெரியாது. நானும் கையைத் தூக்கினேன்.

ஓடைவரை நடையில்தான் போனார்கள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. நடந்து போய்த் திரும்பிவிட்டால் நானும் பேசாமல் இருந்துவிடலாம். ஓடையைத் தாண்டியதும் தரை விரிந்து மலைவிளிம்புவரை சமமாகக் கிடக்கும். அந்தக் குளிரில், அந்த வெளிச்சத்தில், ஐந்து மாதம் அடைந்து கிடந்த குதிரைக்கும் ஓடாமல் இருக்க முடியாது, அவனுக்கும் முடியாது. ஓபல் பாய்ச்சலில் போனது. பின்னால் தூசி பொன்னாக எழுந்தது. அதைவிட அழகாக அது ஓடி நான் பார்த்ததில்லை. கையில் காப்பிக் கோப்பையுடன் நின்று, அவர்கள் கண்ணுக்கு மறையும்வரை பார்த்தேன்.

பதினோரு மணிக்குக் கொரின் மட்டும் ஹாங்கில் திரும்பி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. லைல் மலைவிளிம்புச் சாலையில் நிற்கிறான், டிரெய்லரைக் கொண்டுவரச் சொன்னான் என்றாள். எந்தக் கால் என்று நான் கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். குதிரைக்கு அடிபட்டது என்றே அவள் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது ஓபல் மூன்று காலில் நின்றது. இடது முன்னங்காலை ஊன்றப் பார்க்கும்போதெல்லாம் குளம்பின் நுனி மேலே தூக்கியது. வியர்வை காய்ந்து மேலெல்லாம் உப்பு பூத்திருந்தது. லைல் தன் சட்டையைக் கழற்றி அந்தக் காலில் சுற்றிவிட்டு, பனியனோடு குளிரில் நடுங்கிக்கொண்டு அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டும் அது கனைக்கவில்லை. அவன் தோளில்தான் தலையை வைத்திருந்தது.

ஹாலிஸ் மதியம் வந்தார். கருவி தேவைப்படவில்லை, கையால் தொட்டே சொல்லிவிட்டார். காலின் பின்பக்கத்து இரண்டு நாணும் அறுந்துவிட்டன. வலிக்கு ஊசி போட்டார். இனித் தேறாது, ஊசி போட்டு முடித்துவிடுவதைத் திங்கட்கிழமைக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம், அது அதற்குச் செய்கிற பாவம் என்றார். பிறகு லைலைப் பார்த்து, நடைதான் என்று சொல்லியிருந்தேனே, ஓட்டியது யார் என்று கேட்டார். லைல் நான்தான் என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை.

டாக்டர் வண்டி போன பிறகு நாங்கள் இருவரும் கொட்டகை வாசலில் நின்றோம்.

"ஏன்க்கா சொல்லல?" என்றான்.

"மே மாசமே சொன்னேன்."

"சொன்னே. நான் மறந்துட்டேன். கால் நல்லாத்தான் இருந்துச்சு, தடவிப் பாத்துட்டுத்தான் ஏறினேன்." கொஞ்ச நேரம் ஓபலையே பார்த்தான். "காலைல ஜன்னல்ல நின்னியே."

"நீ கை காட்டின. நானும் காட்டினேன்."

"நான் சேணம் பூட்டுனதைப் பாத்துக்கிட்டுத்தான நின்ன?"

காலடியில் கிடந்த வைக்கோலை நான் ஓரமாகத் தள்ளினேன்.

"நான் மறந்துட்டேன்க்கா. தப்புதான், காலம் பூரா சொல்லிக் காட்டு, கேட்டுக்கறேன். ஆனா நீ மறக்கலல்ல?"

அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். எத்தனை கோடை, எத்தனை பிப்ரவரி, எல்லாவற்றையும் அவன் முகத்தில் எறிந்திருப்பேன். வருடக் கணக்காகச் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் அவன் குரலை உயர்த்தவில்லை. தீனி போடும் நேரமாயிற்று என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் கொட்டகையிலேயே இருந்தான். கொரின் அவனுக்கு அங்கேயே சாப்பாடு கொண்டுபோனாள். என்னிடம் அவள் மரியாதையாக நடந்துகொண்டாள், தெரியாத வீட்டில் தங்கியவள் போல. திங்கள் காலை பக்கத்துப் பண்ணை கார்லிஸ் குழி தோண்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்து ஜூனிப்பர் மரங்களுக்குக் கீழே பள்ளம் எடுத்தார். ஹாலிஸ் ஊசியை எடுத்தபோது கயிற்றை யார் பிடிப்பது என்று கேட்டார். நான் கையை நீட்டினேன். லைல் கொடுக்கவில்லை. கடைசிவரை அவனே பிடித்துக்கொண்டு, அதன் காதருகே ஏதோ பேசிக்கொண்டிருந்தான். என்ன பேசினான் என்று என் காதில் விழவில்லை. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

அன்று பிற்பகலே கிளம்பிவிட்டார்கள், பத்து நாளில் ஆறு நாள் மிச்சம் இருக்கையில். வண்டியில் ஏறும் முன் கொரின் ஒரு கணம் என் கையைப் பிடித்தாள், பிறகு விட்டுவிட்டாள். லைல் கண்ணாடியை இறக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஐந்து வாரம் போல ஒரு இலையுதிர்காலம் எங்கள் பக்கத்தில் நெடுநாளாக வந்ததில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். மலையில் ஒவ்வொரு பாறையும் தனித்தனியாகத் தெரிந்தது. ஓடைப் பள்ளத்தில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகி, மூன்று வாரம் காற்றே அடிக்காமல் இலை அப்படியே நின்றது. விடியலில் மேட்டிலிருந்து காட்டுமான்கள் கூவுவது வீட்டுக்குள் கேட்டது. நான் தினமும் ஹாங்கில் ஏறிப் போனேன். சேணத்தின் தோல் வாசனை, குளிரில் அதன் மூச்சு ஆவியாக எழுவது, காலடியில் நசுங்கும் சேஜ் இலையின் காரம், கோடை முழுக்க எதற்கு ஏங்கினேனோ அவ்வளவும் இருந்தது. ரசிக்கவில்லை என்று சொன்னால் பொய். ரசித்தேன். மனசு கேட்காவிட்டாலும் உடம்பு ரசித்தது. ஆஸ்பென் நிழலில் இறங்கி உட்கார்ந்து ஆப்பிளை நறுக்கிப் பாதியை ஹாங்குக்குக் கொடுத்துவிட்டு, அந்த இடத்திலேயே அழுதிருக்கிறேன். அழுது முடித்துவிட்டு மறுபடி மஞ்சள் இலைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஊரில் விஷயம் பரவிவிட்டது. கார்லிஸ் சொல்லியிருப்பார். தீனிக் கடையில் ஒரு நாள் அவர் மனைவி லவோன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மாவுக்குள் மாட்டிறைச்சி வைத்துச் சுட்ட பெரிய அப்பம் ஒன்றைத் துணி மூடி என் வண்டியில் வைத்தாள்.

"அஞ்சு மாசம் குழந்தை மாதிரி பாத்துக்கிட்டியே வெர்லா. ஒரு வார்த்தை கேக்காம ஏறிட்டுப் போயிட்டானே. உன் தம்பி எப்பவுமே அப்படித்தான்," என்றாள்.

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருடத்தில் லைலைப் பற்றி யாரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. யாராவது ஒருத்தராவது சொல்ல மாட்டார்களா என்று நான் எத்தனையோ தடவை நினைத்ததுண்டு.

"ஆமா," என்றேன். வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அந்த அப்பத்தைச் சூடு பண்ணி இரண்டு துண்டு சாப்பிட்டேன்.