அடிமண் இருபத்தாறரை

அண்ணன் போன் செய்தபோது மணி ஏழேகால். அவள் அப்போதுதான் அலுவலகத்திலிருந்து வந்து முகம் கழுவிவிட்டு, கண்ணை மூடியபடியே துண்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு ராத்திரி எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டான்.

இது ஒரு கேள்வியா? வானிலை அலுவலகத்தில் வேலை பார்க்கிற யாரிடமும் சொந்தக்காரர்கள் தினம் நாலு தடவை கேட்கிற கேள்விதான். துணி காயப்போடலாமா, குடை எடுக்கணுமா, மாடிக்குத் தார் பூச ஆளை வரச்சொல்லலாமா! அவளும் வழக்கம்போல அன்றைய கணிப்பில் இருந்ததைச் சொன்னாள்.

"பத்து மணிக்கு மேல நல்லா இறங்கிடும்ணா. இருபத்தெட்டுக்கு வந்துடும். ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டுத் தூங்கு."

"அப்படியா. சரி சரி." கொஞ்சம் நிறுத்தினான். "மாப்பிள்ளை வீட்ல இருக்காரா?"

"இருக்கார். டிவி பாத்துக்கிட்டிருக்கார்."

"பையன் ஹாஸ்டல்லதான் இருக்கான் இல்ல?"

"ஆமா, அடுத்த மாசம்தான் வருவான்."

"சரிம்மா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். வச்சிடறேன்."

அண்ணன் லிப்ட் மெக்கானிக். ஐம்பத்தொன்பது வயது. ஆறு மாடிக் கட்டடத்தில் ஆறாவது மாடி வீடு. தலைக்கு மேலே மொட்டை மாடி மட்டும்தான். பேத்திக்கு அம்மை என்று அண்ணி, மகள் வீட்டுக்கு வெளியூர் போயிருந்தாள். மறுநாள் காலை வேலைக்கு ஆள் வரவில்லையே என்று கூட வேலை பார்ப்பவர் வந்து கதவைத் தட்டியிருக்கிறார். ஜன்னல் திறந்துதான் இருந்தது. உயிர் போனது வெப்பத்தால்தான், அதில் சந்தேகமே இல்லை என்றார் டாக்டர்.

அவளுக்கு அழுகை வரவில்லை. வரவில்லையே என்று முதல் இரண்டு நாள் பயந்தாள். பிறகு அந்தப் பயமும் போய்விட்டது. யார் யாரோ வந்து கையைப் பிடித்தார்கள், கட்டிக்கொண்டார்கள். எல்லாம் பக்கத்து வீட்டில் நடப்பதுபோல இருந்தது. ஆறாவது நாள் குளித்து, தலை சீவி, ஆபீசுக்குப் போய்விட்டாள். என்ன மனுஷி இவள் என்று நாலு பேர் பேசியிருப்பார்கள். பேசட்டும். அவளுக்கே பதில் தெரியாத கேள்வி அது.

ஆபீசில் அவளுக்கு மண்ணு மேடம் என்று பெயர். மற்றவர்களெல்லாம் காற்று, மழை, மேகம் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தில் இவள் ஒருத்திதான் கீழே பார்ப்பவள். நாளைய வானிலையைக் கணக்குப் போடுகிற பெரிய கணினி மாடல் இருக்கிறதே, அதில் தரையும் தரைக்கு அடியில் உள்ள மண்ணும் இவள் பொறுப்பு. பகலெல்லாம் தார் ரோடும் சிமெண்டும் வாங்குகிற சூட்டில் ஒரு பங்கு கீழே இறங்கும். அடிமண் குளிர்ச்சியாக இருந்தால் அது வாங்கிக்கொள்ளும். ராத்திரி மேல்தரை ஆறும். அடிமண்ணே கொதித்துக் கிடந்தால் சூடு எங்கே போகும்? மேலேயே நிற்கும், சுவரில் நிற்கும், மூச்சுக் காற்றில் நிற்கும். அவ்வளவுதான் விஷயம். இதைச் சொன்னால் கேட்பவர்கள் கொட்டாவி விடுவார்கள்.

ஆபீசுக்குப் போன உடனே அண்ணன் இறந்த ராத்திரியின் கணக்கை எடுத்துப் பார்த்தாள். மாடல் சொன்னது இருபத்தெட்டு புள்ளி நான்கு. நகரத்துக்குள் வைத்திருக்கிற கருவிகள் அளந்தது முப்பத்தொன்று. கிட்டத்தட்ட மூன்று டிகிரி பிசகு.

காற்றைச் சரிபார்த்தாள். காற்று சரி. அடுத்த மேஜையில் இருக்கிற மேகம் சார் அவராகவே ஒரு கட்டுத் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என் மேகம் சரியாத்தான் இருந்திருக்கு மேடம். துளி தப்பில்ல," என்றார் சந்தோஷமாக. சொன்ன பிறகுதான், யாரிடம் எதைச் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. "இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா... டீ வாங்கிட்டு வரட்டுமா?"

"வாங்கிட்டு வாங்க சார்," என்றாள். அவர்மேல் கோபம்கூட வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காற்று இல்லை, மேகம் இல்லை என்றால் மிச்சம் மண்தான். மாடலின் உள்ளே போய்த் தன் கோப்பைத் திறந்தாள். மாடல் ஒவ்வொரு நாளும் கணக்கைத் தொடங்கும்போது ஒரு மீட்டர் ஆழத்து மண் எத்தனை டிகிரி என்று அதற்கு ஒரு எண் கொடுக்க வேண்டும். கோடைக்கு இருபத்தாறரை என்று இருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு. 'தற்காலிகம். நகரத்து மண்ணுக்கு அளவு கிடைத்ததும் மாற்ற வேண்டும்.' கீழே அவளுடைய முதலெழுத்து. ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி.

விமான நிலையத்துப் புல்தரையில் அளந்த எண் அது. அங்கே மட்டும்தான் அப்போது அளக்க வசதி இருந்தது. புல் வளர்ந்த ஈர மண்ணின் எண்ணை எடுத்து, தாரும் கல்லும் குழாயும் புதைந்து கிடக்கிற நகரத்துக்கும் அவளே போட்டிருக்கிறாள். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான். ஆபீசில் தற்காலிகம் என்று எழுதி வைத்த எதற்காவது சாவு உண்டா? ஒன்பது கோடையாக நகரம் முழுக்க அந்த எண்ணை நம்பித்தான் ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்திருக்கிறது.

அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த எண் சரியாக இருந்திருந்தால், அன்றைக்கு அண்ணனிடம் 'தூங்கு' என்று சொல்லியிருப்பாளா? ராத்திரி முப்பதுக்குக் கீழே இறங்காது என்று மாடல் சொன்னால் ஆபீசிலிருந்து எச்சரிக்கை போகும். அதைப் பார்த்திருந்தால் அவளும் வேறு பதில் சொல்லியிருப்பாள். முப்பதைத் தாண்டியிருக்குமா, இல்லையா?

பிரிவுத் தலைவரிடம் போய் நின்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"எல்லா மாடல்லயும் இப்படி ஏதாவது ஒண்ணு இருக்கத்தான் செய்யும். நீங்க ஒரு மாசம் லீவு போடுங்களேன் மேடம்."

"லீவு போட்டு என்ன சார் பண்றது?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நகரத்தில் ஐந்து இடத்தில் துளை போட்டு அளக்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

முதல் துளையை அண்ணன் வீட்டுக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்திலேயே போட்டாள். அங்கே வேண்டாம் மேடம் என்று கருவிக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அந்த ஆபீசில் தெர்மாமீட்டர், குழாய், கம்பி என்று எது வேண்டுமானாலும் அவரிடம்தான் போக வேண்டும். இருபது வருடமாக அவளோடு வெயிலில் அலைந்தவர். அவள் பிடித்த பிடியை விடமாட்டாள் என்று தெரிந்து, முணுமுணுத்துக்கொண்டே மெஷினை இறக்கினார்.

காலை பதினோரு மணி. தார் உடைகிற சத்தத்தில் எதிரே பஞ்சர் ஒட்டுகிறவர் எழுந்து வந்துவிட்டார்.

"என்ன சார், தண்ணி கனெக்ஷனா?"

"இல்லைங்க. மண்ணுக்குக் காய்ச்சல் இருக்கான்னு பாக்கறோம்," என்றார் கருவிக்காரர்.

"அட! மனுஷனுக்கே பாக்க ஆளில்ல. எவ்வளவு இருக்கு?"

"கம்பியை இறக்கி முக்கால் மணி நேரம் விடணும். அப்புறம்தான் சொல்லும்."

"நம்ம டாக்டரைவிட மோசமா இருக்கே," என்று சொல்லிவிட்டு அவர் தன் டயரிடம் திரும்பிப் போனார்.

முக்கால் மணி நேரம் அவள் கட்டடத்து நிழலில் ஒரு சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்திருந்தாள். ஆறாவது மாடி ஜன்னல் அங்கிருந்தே தெரிந்தது. யாரோ மூடியிருந்தார்கள். பார்த்தாள். இப்போதாவது ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. கால் மரத்துப் போனதுதான் மிச்சம்.

கம்பி முப்பத்திரண்டு புள்ளி மூன்று காட்டியது.

கருவிக்காரர் எண்ணை இரண்டு தடவை பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமினார். "ஒரு இடத்தை வச்சு எதையும் முடிவு பண்ணக்கூடாது மேடம். இங்க கீழ ஏதாவது கேபிள் ஓடும்."

மற்ற நாலு இடத்திலும் அளந்தார்கள். மூன்று நாள் ஆனது. ஒன்றுகூட முப்பத்தொன்றரைக்குக் கீழே இல்லை. அவர் கேபிள் பேச்சை விட்டுவிட்டார்.

பிறகு அந்த ஒரு ராத்திரியை மட்டும் மாடலில் மறுபடி ஓட்டினாள். அதே காற்று, அதே மேகம். மண்ணின் எண் மட்டும் வேறு. வெள்ளிக்கிழமை மத்தியானம் முடிவு வந்தது. பக்கத்தில் மேகம் சார் டீயோடு நின்றுகொண்டிருந்தார்.

நகரத்துத் தரை இரண்டே முக்கால் டிகிரி கூடுதல் சூடு. காற்றின் சூடு முப்பது புள்ளி ஏழு.

தாண்டியிருக்கிறது. எச்சரிக்கை போயிருக்கும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவள் போட்ட எண், அவள் வாயாலேயே அண்ணனுக்குப் பதில் சொல்லியிருக்கிறது. தலைவர் அன்றைக்கே எண்ணை மாற்றச் சொன்னார். அவளே மாற்றினாள். இரண்டு விரல் வேலை. தற்காலிகம் என்ற குறிப்பை அழித்தாள்.

சரி, தெரிந்துவிட்டது. இனி அண்ணியிடம் சொல்ல வேண்டும். திட்டுவாள். அறைந்தாலும் அறைவாள். அறையட்டும், அப்போதாவது இந்த மரமரப்பு விடும் என்று நினைத்தாள். பார்ப்பவர்களுக்கு அண்ணிக்காகப் போன மாதிரி இருக்கும். உண்மையில் தனக்காகத்தான் அவள் போனாள்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் போனாள். வீடு அப்போதும் வெந்துகொண்டிருந்தது. அண்ணி தரையில் உட்கார்ந்து அண்ணனின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மகள் குழந்தையைக் கீழே விளையாடக் கூட்டிப் போயிருந்தாள்.

"வாம்மா. ஃபேனுக்குக் கீழ உக்காரு," என்றாள் அண்ணி.

உட்கார்ந்தாள். பையிலிருந்து தாளை எடுத்தாள். மண், எண், ஒன்பது வருடம், துளை எல்லாவற்றையும் சொன்னாள். ஆபீசில் கூட்டத்துக்குச் சொல்கிற குரலில்தான் வந்தது. அண்ணி தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கு இதெல்லாம் புரியாது. மண்ணு சூடா இருந்ததுக்கு நீ என்ன பண்ணுவே?"

"அது இல்ல அண்ணி. அன்னைக்கு அண்ணன் எனக்குப் போன் பண்ணினான். ராத்திரி எப்படி இருக்கும்னு கேட்டான். நான்தான் இறங்கிடும், தூங்குன்னு சொன்னேன்."

அண்ணியின் கை நின்றது.

"உனக்குப் போன் பண்ணினாரா? எத்தனை மணிக்கு?"

"ஏழேகால்."

"வேற என்ன கேட்டார்? ஒண்ணுவிடாமச் சொல்லு."

"மாப்பிள்ளை வீட்ல இருக்காரான்னு கேட்டான். பையன் ஹாஸ்டல்லதானேன்னு கேட்டான். அவ்வளவுதான். சரின்னு வச்சுட்டான்."

அண்ணி மடித்த சட்டையை உதறி விரித்து, மறுபடி மடித்தாள். பிறகு எழுந்து உள்ளே போய் ஒரு துணிப்பையை எடுத்து வந்து நடுவில் வைத்தாள்.

"இது அன்னைக்குக் கதவுகிட்ட இருந்தது. ரெண்டு சட்டை, துண்டு, பல் பிரஷ், பிரஷர் மாத்திரை. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சுப் பேத்தியைப் பாக்க வந்து நிக்கப்போறார், சொல்லாம வந்து என்னை ஆச்சரியப்படுத்தப்போறார்னு நினைச்சேன். எல்லார்கிட்டயும் அதைத்தான் சொன்னேன். பதினாலு நாளா இந்தப் பையைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் படுக்கறேன்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"அவர் எதையும் நேராக் கேக்க மாட்டார். பசிக்குதுன்னுகூடக் கேக்க மாட்டார், மணி என்னன்னுதான் கேப்பார். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் பாக்கறேன்," என்றாள் அண்ணி. பையை அவள் பக்கம் தள்ளினாள். "எடுத்துட்டுப் போ. இது உன் வீட்டுக்குக் கட்டின பை."

அவள் பையைப் பார்த்தாள். காது பிய்ந்து தைத்த பழைய பை. கை அதன் பக்கம் போகவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று பிடுங்கிக்கொண்டு கிளம்பியது. வலித்தது, நன்றாகவே வலித்தது. அண்ணி இனி எதை வைத்துக்கொண்டு படுப்பாள் என்று நினைத்தாள். அண்ணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க என்னோட வந்துடுங்க அண்ணி. பையன் ரூம் காலியாத்தான் இருக்கு, ஏசி இருக்கு. இந்தச் சூட்டுல இங்க இருக்காதீங்க. இப்பவே கிளம்புங்க, வாங்க."

அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"இவ்வளவுதான்," என்றாள். "இவ்வளவுதான் அவர் கேட்டது."