ஜப்பான் அரிசி

கொல்லையில் கோழிகளின் முன்னால் பொட்டலத்தைக் கவிழ்த்தான் சகாதேவன். ஒரு பிடி அரிசி. கோழிகளுக்கு ஜப்பான் சாமியும் தெரியாது, சாவு வீடும் தெரியாது. ஒரு நிமிடத்தில் தரை சுத்தமாகிவிட்டது.

கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா சின்னசாமி. விடிகாலையில்தான் போனார். வாய்க்கரிசியாகப் போடச் சொல்லி அவர் தலைமாட்டில் வைத்திருந்தது அந்த அரிசியைத்தான். ஜப்பானில் வேலை பார்க்கும் தம்பி திருமலை, அங்கே நெல்லையும் செழிப்பையும் காக்கிற சாமியின் கோயிலில் வைத்துக் கும்பிட்டுத் தை மாதம் கொண்டுவந்தது. வாசலில் நெற்கதிரைக் கவ்விய கல் நரிகள் நிற்குமாம். அந்தப் போட்டோவை அப்பா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். இருபது வருடமாக அவர் நிலத்தில் நெல் விளைவித்தவனை யாருக்குக் காட்டினார்? சகாதேவனுக்கு வயிறு எரிந்தது. அப்பா செத்துக் கிடக்கிறாரே என்று அது கொஞ்சமும் அடங்கவில்லை.

“அண்ணா, அந்த ஜப்பான் அரிசி எங்க? தலமாட்டுல காணமே” என்றாள் தங்கை சரோஜா.

“எனக்கென்ன தெரியும்? வீட்ல நம்ம அரிசி இல்லியா?”

மறுநாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் அடி அண்ணாமலை ரோட்டை அடைப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். திருமலை வந்து சேரும்வரை வைத்திருக்க முடியாது.

சுடுகாட்டில் சித்தப்பா போனை உயர்த்திப் பிடித்தார். திரையில் திருமலை அழுதுகொண்டிருந்தான். சகாதேவன் மூன்று முறை அரிசி போட்டான். மூத்தவன் கை, முதல் கை. மனசு குளிர்ந்தது.

“கோயில்ல வெச்ச அரிசியாண்ணா?”

“அது காணோம்டா. இது நம்ம நெலத்து அரிசி.”

“அதுவும் நம்ம நெலத்து அரிசிதாண்ணா. தைக்கு முந்துன தடவ வந்தப்ப அப்பாதான் ஒரு பிடி முடிஞ்சி குடுத்தாரு. ‘பெரியவன் வெளைய வெச்சது, அந்த சாமி காலடில வெச்சி, அவன் வெள்ளாமை நல்லா இருக்கணும்னு வேண்டிக்கினு திரும்பக் கொண்டாடா’ன்னாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதாம். சிரிப்பியாம்.”

சகாதேவன் அரிசி போட்ட கையை வேட்டியில் துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.

வறட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “மொகத்த மூடிடலாங்களா?”

எல்லோரும் மூத்த மகனைப் பார்த்தார்கள்.

“இருப்பா” என்றான் சகாதேவன். அவர் கடைசி வறட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.