சாட்சி சொன்ன உமரி

“செடி பொய் சொல்லாது மாமா” என்றாள் வினோதினி.

டீ குடித்துக்கொண்டிருந்த உப்பள ஆட்கள் டம்ளரை வாயருகே நிறுத்தினார்கள். மோட்டார் கொட்டகை நிழலில், கவிழ்த்த பக்கெட்டின் மேல் அவளுடைய லேப்டாப். திரையில் ஒரு கோடு சமர்த்தாகப் படுத்தபடியே வந்து, திடீரென்று எகிறிக் குதித்திருந்தது.

“இது நேத்து. இது முந்தாநேத்து. ரெண்டும் நீங்க மோட்டார் போட வந்த நேரம்.”

சகாதேவன் திரையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். இந்த அளத்தில் மோட்டார் போட்டுப் பாத்திகளுக்கு உப்புத் தண்ணீர் ஏற்றுகிறவர். ஊரில் அவளுக்கு எதிர்வீடு.

“நான் சுவிட்ச போட வர்றேம்மா. செடிய எதுக்குத் தொடப்போறேன்?”

அளத்தின் ஓரத்தில் ஒரு துண்டு இடத்தை முதலாளி சக்கரபாணி அவளுடைய ஆய்வுக்கு விட்டிருந்தார். உப்பு மண்ணிலும் செழிக்கும் உமரிச் செடிகள் அங்கே. செடிக்கு நரம்பு கிடையாது. ஆனால் கிள்ளினால் அதன் உடம்பில் மெலிதாக ஒரு மின்சாரம் கிளம்பி, மற்ற கிளைகளுக்குச் சேதி கொண்டு போகும். அந்தச் சேதியைப் பிடிக்கத்தான் செடிக்குச் செடி முடி போன்ற கம்பிகள். கொஞ்ச நாளாகச் செடிகளின் இளம் நுனிகள் காணாமல் போயின. யார் கை?

அந்த இடத்தில் முன்பு சகாதேவன் ஆடு கட்டுவார். கயிறு கட்டி ஆட்டை விரட்டியவள் வினோதினி. அந்த ஆத்திரம்தான் என்று அவள் முடிவுகட்டியிருந்தாள்.

“மெஷின்லயே பதிவாயிடுச்சி, இன்னும் என்னப்பா?” என்றார் சக்கரபாணி. “நாளைலேர்ந்து நீ வர வேணாம்.”

“மெஷினு சொன்னா சரிதான்” என்றார் சகாதேவன். கொட்டகைச் சாவியைப் பக்கெட் மேல், லேப்டாப்பை ஒட்டி வைத்துவிட்டு நடந்தார்.

மத்தியானம் வினோதினி திருப்தியாகச் சாப்பிட்டாள். அம்மா கட்டிக்கொடுத்த கீரைப் பொரியல் பிரமாதம்.

மறுநாள் மோட்டார் போட வந்தவன் வெற்றிச்செல்வன், சக்கரபாணியின் மச்சான் மகன். அவன் செடிப் பக்கமே திரும்பவில்லை. கொட்டகைக்குள் போனான், சுவிட்சைத் தட்டினான்.

கோடு எகிறியது.

அதுவரை அவள் ஆட்களுக்குக் காட்டியது ஒரே ஒரு செடியின் கோடு. அழகாக விழுந்திருந்த கோடு. இப்போது எல்லாச் செடிகளின் கோடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திறந்தாள். அத்தனையும் ஒரே நொடியில் குதித்திருந்தன.

காயத்தின் சேதி அப்படிப் போகாது. கிள்ளிய கிளையில் கிளம்பி, ஊர்ந்து, அடுத்த கிளைக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும். ஒரு செடியைக் கிள்ளினால் தள்ளி நிற்கும் செடிக்கு அது தெரியவே தெரியாது. காலேஜில் முதல் வருஷத்துப் பாடம். பரீட்சையில் படம் போட்டு எழுதியிருக்கிறாள்.

கருவியின் எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். அது வாய்க்காலில் இறங்கியது. இந்தப் பக்கத்தில் மோட்டாருக்கு எர்த் கம்பியை வாய்க்காலின் உப்புத் தண்ணீரில்தான் இறக்குவார்கள்; காய்ந்த மணலில் எர்த் பிடிக்காது. உப்பளத்துப் பெண்ணான அவளும் யோசிக்காமல் அதையே செய்திருந்தாள். ஒரே வாய்க்கால், கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு கம்பிகள். மோட்டாரின் மின்கசிவு தண்ணீர் வழியாக அவளுடைய கருவிக்குள் ஏறியிருக்கிறது.

ஒயரைப் பிடுங்கிச் செடிகளுக்கு நடுவே ஈர மண்ணில் நட்டாள். திரைக்குத் திரும்பி, வெற்றிச்செல்வனிடம் மோட்டாரை நிறுத்தி மறுபடியும் போடச் சொன்னாள். கோடு அசையவில்லை.

“என்னக்கா, செடி செத்துப்போச்சா?” என்றான் அவன்.

அப்போதுதான் கடைசிச் செடியின் கோடு மெல்லத் தலைதூக்கியது. ஒரு கிளை. கொஞ்சம் பொறுத்து, பக்கத்துக் கிளை. மற்ற செடிகள் சும்மா இருந்தன.

நிஜமான சேதி. யாரோ இப்போது கிள்ளுகிறார்கள்.

கொட்டகையைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். கயிற்றைத் தாண்டி உள்ளே குனிந்திருந்தது ஓர் உருவம். உப்புக் கூடை பக்கத்தில். புடவை மடி நிறைய இளம் பச்சை.

“அம்மா.”

இதே அளத்தில் உப்புச் சுமக்கும் லூர்துமேரி நிமிர்ந்தாள். “என்னாடி, இப்டி மூச்சு வாங்குது ஒனக்கு?”

“இங்க எதுக்கு வந்த?”

“நாளைக்கு ஒனக்குப் பொரியல் வேணாமா? மத்த எடத்துல எல்லாம் முத்திப்போச்சி. நீ வளத்ததுதான் தளதளன்னு இருக்குது.”

“சகாதேவன் மாமாவ எதுக்கு வேலைய விட்டு அனுப்பினாங்கன்னு தெரியுமா?”

“ஒயர அறுத்துட்டாராமே? நான் கூட திட்டிட்டு வந்தேன், எம்பொண்ணு பொழப்புல கைய வைக்கிறியான்னு.”

வினோதினி கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நேற்றுத் திருப்தியாகத் தின்றது இந்தக் கீரையைத்தான்.

சாயங்காலம் எதிர்வீட்டு வாசலில் போய் நின்றாள். “நாளைக்கு டீ நேரத்துக்கு அளத்துக்கு வாங்க மாமா” என்று மட்டும்தான் வாயில் வந்தது. அவர் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டே தலையாட்டினார்.

மறுநாள் அதே நிழல், அதே ஆட்கள், அதே பக்கெட். எல்லோருக்கும் முன்னால் சொன்னாள். கோடு குதித்தது மோட்டாரால். ஒயரைத் தப்பான இடத்தில் விட்டது அவளேதான். மாமா எதையும் தொடவில்லை.

சக்கரபாணி தாடையைச் சொறிந்தார். “அப்ப நுனிய யாரு கிள்ளினது?”

ஆடு என்று சொல்லிவிடலாம். இரவெல்லாம் அதைத்தான் யோசித்து வைத்திருந்தாள். ஆட்களுக்குப் பின்னால் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆடு என்றால் யாருடைய ஆடு? மறுபடியும் சகாதேவன்தான்.

“எங்கம்மா பறிச்சாங்க” என்றாள். “தின்னது நான்.”

யாரோ டீயோடு சேர்த்துச் சிரிப்பையும் துப்பினார்கள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சகாதேவன் சிரிக்கவில்லை. சக்கரபாணி நீட்டிய சாவியை வாங்கிக்கொண்டார்.

“உப்பு சரியா இருந்திச்சாம்மா?” என்று கேட்டுவிட்டுக் கொட்டகைக்குள் போனார்.

மோட்டார் உறுமியது. திரையில் கோடுகள் எல்லாம் அசையாமல் கிடந்தன. அவற்றைப் பார்ப்பதுபோல் வினோதினி குனிந்தே இருந்தாள், கடைசி ஆள் பாத்திக்குத் திரும்பிப் போகும்வரை.